‘தீகோ’ தெரிந்தால் ‘தீகா’ தெரியும்: ஸ்பானிஷ் வினைகளின் மறைந்த ஒழுங்கு

ஸ்பானிஷில் ‘பீவா!’ என்று ஒரு கூட்டம் முழங்கினால் அது நம்முடைய ‘வாழ்க!’ தான். ‘வாழ்கிறான்’ என்பதற்கு அவர்கள் சொல் ‘பீவே’. கடைசி உயிர் ஒன்று மாறியதும் செய்தி வாழ்த்தாகிவிட்டது. நடப்பதைச் சொல்லாமல், நடக்கட்டும், நடக்க வேண்டும், நடக்குமா என்பது ஐயம் என்று பேசும் இந்த வினைவடிவத்துக்கு சப்ஜங்டிவ் என்று பெயர். தமிழில் ‘வருக’, ‘வரட்டும்’ செய்யும் வேலையும் இதற்குள் அடக்கம்.

விகுதி விதி எளிது. ‘ஆர்’ என்று முடியும் வினைகள் ஏகாரம் ஏற்கும்: ‘ஆப்லா’ (பேசுகிறான்) ‘ஆப்லே’ ஆகும். ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிபவை ஆகாரம் ஏற்கும்: ‘கோமே’ (சாப்பிடுகிறான்) ‘கோமா’ ஆகும். கற்பவர்கள் தடுமாறுவது விகுதியில் அல்ல, அது ஒட்டும் அடிச்சொல்லில்தான். ஒழுங்கற்ற வினைகள் என்று நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் உழைப்பு. நிகழ்காலத்தில் ‘நான்’ என்பதற்குரிய வடிவத்தை எடுங்கள், கடைசி ஓகாரத்தை நீக்குங்கள், விகுதியைச் சேருங்கள். சொல்கிறேன் ‘தீகோ’, அதிலிருந்து தீகா, தீகாஸ், தீகா, தீகாமோஸ், தீகாயிஸ், தீகான் என்று நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் ஆறுக்கும் வடிவம் வந்துவிடும். இதேபோல் தெங்கோ–தெங்கா (வைத்திரு), ஆகோ–ஆகா (செய்), கொனோஸ்கோ–கொனோஸ்கா (அறி).

‘நான்’ வடிவத்துக்கும் சப்ஜங்டிவுக்கும் ஏன் இந்த உறவு? விடை லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘தீக்கோ’ (சொல்கிறேன்), ‘தீக்கித்’ (சொல்கிறான்), ‘தீக்கம்’ (நான் சொல்வேனாக) மூன்றிலும் ஒரே வல்லினக் ககரம். காலப்போக்கில் இகர, எகரங்களுக்கு முன்னால் அது அண்ணத்தின் முன்பக்கம் நகர்ந்து சகரம் போல ஆனது, அதனால் ‘தீசே’ (சொல்கிறான்). ஓகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் முன்னால் அப்படி நகராமல், உயிர்களுக்கு இடையில் மெலிந்து மட்டும் நின்றது. அதனால் தீகோ, தீகா. ‘தெங்கோ’, ‘பெங்கோ’ (வருகிறேன்) ஆகியவற்றின் ககரம் லத்தீனில் இல்லை, பிறகு ஒட்டிக்கொண்டது. அதுவும் நிகழ்காலத்தில் சரியாக ‘நான்’ வடிவம், சப்ஜங்டிவ் என்ற இந்த இரண்டு இடங்களில்தான் ஒட்டியது என்பது வியக்கத்தக்கது.

உயிர் மாறும் வினைகளில் ‘நாங்கள்’ வடிவத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ‘பொதேர்’ (இயல்) என்ற வினையில் அழுத்தம் அடிச்சொல்லில் விழும்போது ‘புவேதா’. ‘நாங்கள்’ என்றால் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால் பழைய ஒகரம் அப்படியே நின்று ‘பொதாமோஸ்’. ஆனால் ‘ஈர்’ வினைகளில் இன்னொரு மாற்றமும் உண்டு. ‘தொர்மீர்’ (தூங்கு) துவேர்மா ஆகிறது. ‘நாங்கள்’ வடிவமோ தொர்மாமோஸ் அல்ல, துர்மாமோஸ். லத்தீனின் ‘தொர்மியாமுஸ்’ என்பதில் இருந்த யகர ஒலி, தான் மறையும் முன் ஒகரத்தை உகரமாக உயர்த்திவிட்டுப் போயிற்று. சியேந்தா–சிந்தாமோஸ் (உணர்) இணையிலும் அதே கதை. அதிகம் பிழை நேரும் இடம் இதுதான்.

‘புஸ்கார்’ (தேடு) ‘புஸ்கே’ ஆகும்போது எழுத்து மாறுகிறது, ஒலி மாறுவதில்லை. தமிழில் எழுதினால் மாற்றமே தெரியாது.

உண்மையில் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியவை ஆறுதான். அவற்றின் ‘நான்’ வடிவம் ஓகாரத்தில் முடிவதில்லை. தார் (கொடு): தே. எஸ்தார் (இரு, நிலையைக் குறிப்பது): எஸ்தே. செர் (இரு, தன்மையைக் குறிப்பது): செயா. ஈர் (போ): பாயா. அபேர் (உதவி வினை): ஆயா. சபேர் (தெரி): சேப்பா. ‘தே’ மீது அழுத்தக்குறி போட மறந்தால் அது ‘உடைய’ என்ற வேறு சொல்லாகப் படிக்கப்படும்.

எப்போது பயன்படுத்துவது? இதற்குத் தமிழே துணை. ‘போக விரும்புகிறேன்’ என்பதில் விரும்புபவரும் போகிறவரும் ஒருவரே; ஸ்பானிஷிலும் வினையின் மூல வடிவம் போதும்: ‘கியேரோ ஈர்’. ‘நீ போக வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்றால் ஆள் மாறுகிறது. அப்போது ‘கியேரோ கே பாயாஸ்’. ஆனால் ‘என்று’ வரும் இடமெல்லாம் சப்ஜங்டிவ் அல்ல. ‘வருகிறான் என்று நினைக்கிறேன்’ என்பது ‘கிரேயோ கே பியேனே’, சாதாரண நிகழ்காலம். நினைப்பை மறுத்தால்தான் மாறும்: ‘நோ கிரேயோ கே பெங்கா’. ‘சொல்லாதே’ என்ற தடையும் இதே வடிவம்: ‘நோ தீகாஸ்’. ஏவலுக்கு வெறும் ‘தீ’. ‘ஓஹலா’ என்ற சொல் வந்தால் யோசிக்கவே வேண்டாம், எப்போதும் சப்ஜங்டிவ்தான். அது ஸ்பெயினில் பேசப்பட்ட அரபியிலிருந்து வந்தது, ‘இறைவன் நாடினால்’ என்று பொருள்.

‘வரும்போது’ என்பதற்கு இரு வழி. வழக்கமாக வருவதென்றால் ‘குவாந்தோ பியேனே’. இனிமேல்தான் வரப்போகிறான் என்றால் ‘குவாந்தோ பெங்கா’. இதைக் கற்றவுடன் பலர் ‘வந்தால்’ என்பதற்கும் ‘சி பெங்கா’ என்று எழுதிவிடுகிறார்கள். நிபந்தனையைச் சொல்லும் இந்த ‘சி’ நிகழ்கால சப்ஜங்டிவை ஏற்காது. ‘நாளை வந்தால்’ என்றாலும் ‘சி பியேனே’ மட்டுமே சரி.