ஈரக்கையும் ஸ்விட்ச்சும்

பிலிம் கழுவி பிரிண்ட் போடும் என் டார்க் ரூம் வகுப்புக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர், போட்டோகிராபர் மான் ரே தன் உதவியாளர் லீ மில்லரை எடுத்த பக்கவாட்டு முகத்தை போனில் காட்டி, "இந்த மாதிரி வரணும் சார்" என்பார். முகத்தின் ஓரத்தில் கரிக்கோடு இழுத்ததுபோல் இருக்கும் படம்.

1929 வாக்கில், பாரிஸ் இருட்டறையில் காலில் எலியோ என்னவோ ஊர, பதறிப்போய் விளக்கைப் போட்டுவிட்டதாக லீ மில்லரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். படத்தை வரவைக்கும் டெவலப்பர் கரைசலில் கிடந்த நெகட்டிவ்கள் கெடவில்லை, இந்தக் கோட்டோடு வந்தன. சபாத்தியே என்ற பிரெஞ்சுக்காரர் 1862-லேயே விவரித்த விளைவுதான். ஆனால் எலிக் கதைதான் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. லைட்டைப் போட்டால் போதும் என்று நம்பி, இருக்கிற ஒரே நெகட்டிவைப் பலி கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

நெகட்டிவில் வெளிச்சமும் இருட்டும் தலைகீழ் என்பதால், பாதி டெவலப் ஆனதிலேயே முகம் ஏற்கெனவே கறுத்திருக்கும். இரண்டாவது வெளிச்சம் அங்கே அதிகம் ஏறாது, வெளிறிக் கிடக்கும் பின்னணியைத்தான் கறுக்க வைக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையில், டெவலப் ஆகும்போது வெளிவரும் புரோமைடு என்ற கழிவு தேங்கி, ஒரு மெல்லிய இழையை மட்டும் கறுக்க விடாது. நெகட்டிவில் வெளிறிய அந்த இழை பிரிண்டில் கறுப்பாக விழும். இதற்கு மேக்கி கோடு என்று பெயர். அதனால் வெளிச்சம் காட்டிய பிறகு ட்ரேயை ஆட்டக் கூடாது. ஆட்டினால் புரோமைடு கலைந்துவிடும். முதல் வாரம் முழுக்க "ஆட்டு, ஆட்டு" என்று கத்தியவனும் நான்தான்!

நெகட்டிவில் செய்யாமல் பிரிண்ட் பேப்பரிலேயே செய்தால் கோடு வெளிறி வரும், படமும் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். அது உங்கள் தப்பில்லை. கான்ட்ராஸ்ட் கூடிய பேப்பரில் பழகுங்கள். பிலிமில் செய்வதானால் நெகட்டிவுக்கு ஒரு நகல் எடுத்து, அதில் செய்யுங்கள்.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. பாத்ரூமை டார்க் ரூம் ஆக்கியவர்கள், டெவலப்பர் சொட்டும் கையோடு சுவர் ஸ்விட்ச்சைத் தட்டுகிறார்கள். ஒரு பையனுக்கு ஷாக் அடித்து ட்ரேயே கவிழ்ந்தது. வெறுங்கையோடு பல வருஷம் பிரிண்ட் போட்டதில், டெவலப்பரில் இருக்கும் மெட்டால் என்ற ரசாயனம் ஒத்துக்கொள்ளாமல் என் விரலிடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது. இன்றைக்கும் கையுறை இல்லாமல் பாட்டிலைத் தொட முடியாது.

இப்போது ட்ரேக்கு நேர் மேலே, எட்டாத உயரத்தில் ஒரு சின்ன பல்பு மாட்டியிருக்கிறேன். அதன் டைமர் ஈரத்துக்கு வெளியே, காய்ந்த மேஜையில். இடுக்கியை வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிக் கையைத் துடைத்த பிறகுதான் பட்டனை அமுக்குவேன். ஒரு விநாடி எரிந்து தானே அணைந்துவிடும்.