லாசெஞ்ச்: மிட்டாயும் அல்ல, விழுங்கும் மாத்திரையும் அல்ல

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவை ஒட்டிய மருந்துக்கடைகளில், இருமல் மருந்துகளுக்கு அடுத்த தட்டில், இங்கிலாந்திலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்த தகர டப்பிகளும் காகிதப் பொட்டலங்களும் வரிசையாக இருக்கும். தொண்டை வலிக்கு வாயில் வைத்துக் கரைக்கும் மருந்துத் துண்டுகள் அவற்றுள் இருக்கும். உறையில் மலாயில் ‘லோசெங்’ என்றும் ஆங்கிலத்தில் ‘லாசெஞ்ச்’ என்றும் அச்சிட்டிருப்பார்கள். கடைக்கு வரும் தமிழர்களில் இளையவர்கள் ‘ஸ்ட்ரெப்சில்ஸ்’ என்று வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். நடுவயதினர் ‘தொண்டை மிட்டாய்’ என்கிறார்கள். வயதான அம்மாக்கள் ‘வாயில அடக்கிக்கிற மாத்திரை இருக்கா தம்பி?’ என்று கேட்கிறார்கள். இந்த மூன்றில் எது பொருளுக்கு நெருங்கி நிற்கிறது என்பதே இங்கே கேள்வி.

லாசெஞ்ச் என்னும் சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் முதற்பொருள் மருந்து அன்று, சாய்சதுரம். இன்றும் பிரெஞ்சில் ‘லொசாஞ்ச்’ என்றால் சாய்சதுரம்தான். ஐரோப்பியப் பிரபுக் குடும்பங்களின் குலச்சின்னங்களிலும் அந்த வடிவத்துக்கு இதுவே பெயர். மருந்துப் பொடியைச் சர்க்கரையோடும் பிசினோடும் சேர்த்துப் பிசைந்து, தகடாகத் தேய்த்து, சாய்கோடுகளில் குறுக்கும் மறுக்குமாக வெட்டினால், ஓரங்களைத் தவிர எதுவும் வீணாகாமல் சாய்சதுரத் துண்டுகள் கிடைக்கும். வட்டமாக வெட்டினால் இடையில் மிச்சம் விழும். முந்திரி கத்லி போடும் இனிப்புக்கடைக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னர் அச்சு இயந்திரங்கள் வந்து துண்டுகள் வட்டமாகவும் நீள்வட்டமாகவும் மாறிவிட்டபோதும், பெயர் மட்டும் பழைய வடிவத்தையே சுமந்துகொண்டிருக்கிறது.

இதே வகை மருந்துக்கு வழங்கும் பிற பெயர்களும் இப்படித்தான். ‘பாஸ்டில்’ என்பது சிறு அப்பத்தைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழைய மருந்து நூல்களில் காணப்படும் ‘ட்ரோக்’ என்பது சிறு சக்கரம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. சாய்சதுரம், அப்பம், சக்கரம் என மூன்றுமே பொருளின் உருவத்தைப் பார்த்து இட்ட பெயர்கள். அதை என்ன செய்ய வேண்டும் என்பதை ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் இந்த மருந்தில் முக்கியமானது அதை உட்கொள்ளும் முறையே. அது வாயில் மெல்லக் கரையக் கரைய உமிழ்நீர் ஊறித் தொண்டையை நனைக்கிறது. மருந்தும் சிறிது சிறிதாக அதே இடத்தில் படிகிறது. 1958இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஸ்ட்ரெப்சில்ஸில் இருப்பவை இரண்டு கிருமிநாசினிப் பொருள்கள். இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்பது அதன் அளவு. கடித்து விழுங்கிவிட்டால் மருந்து தொண்டையில் தங்காமல் வயிற்றுக்குப் போய்விடும். மென்தால் சேர்ந்தவற்றில் நாம் உணரும் குளிர்ச்சியும் உண்மையான குளிர் அன்று. குளிரை உணரும் நரம்பு முனைகளை மென்தால் தூண்டிவிடுவதால் வருவது.

மாத்திரை என்னும் சொல்லை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அதன் அடிப்பொருள் அளவு. வடமொழியில் ‘மாத்ரா’ என்பதும் அதுவே. தமிழிலக்கணத்தில் கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரமே ஒரு மாத்திரை. காலத்தை அளந்த சொல் மருந்தின் அளவையும் குறித்து, பிறகு மருந்தையே குறிக்கலாயிற்று. நேரம் எடுத்துக் கரைய வேண்டிய ஒரு மருந்துக்கு இதைவிடப் பொருத்தமான அடிச்சொல் கிடைப்பது அரிது. ஆயினும் இன்று மாத்திரை என்றதும் தண்ணீரோடு விழுங்குவதே நினைவுக்கு வருகிறது. ஆகையால் முன்னால் ஓர் அடைமொழி தேவைப்படுகிறது.

‘மிட்டாய்’ இந்தி வழியாக வந்த சொல். இனிப்பு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மருந்தை மிட்டாய் என்று பழக்கினால் பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்த மாட்டார்கள். மலேசியாவில் மருந்தாகப் பதிவு பெற்ற பொருளின் உறையில் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அந்த எண் இருக்கும் பெட்டியை மிட்டாய் என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை.

சித்த மருத்துவம் வகுத்த 32 அகமருந்துகளில், மருந்துப் பொடியைப் பிசைந்து சிறு உருண்டைகளாக்கும் ‘வடகம்’ ஒன்று. இருமலுக்குத் தரப்படும் தாளிசாதி வடகம் பலரும் அறிந்தது. மரபைப் பார்த்தால் அதுவே மிகத் தகுதியான சொல். ஆனால் கடைத்தெருவில் வடகம் என்று கேட்டால் எண்ணெயில் பொரிக்கிற வடகம்தான் கைக்கு வரும். பொருள் மட்டும் நமக்குப் புதியதன்று. சித்தரத்தைத் துண்டையோ அதிமதுரத்தையோ கடைவாயில் அடக்கிச் சாற்றை மெல்ல விழுங்குவது நம் வீட்டு வழக்கம். 1865இல் இங்கிலாந்தின் பிளீட்வுட் துறைமுகத்து மருந்துக்கடைக்காரர் ஜேம்ஸ் லாஃப்ட்ஹவுஸ் மீனவர்களுக்காகச் செய்த ‘ஃபிஷர்மன்ஸ் ஃபிரண்ட்’ பொட்டலத்திலும் மென்தாலோடும் யூகலிப்டஸ் எண்ணெயோடும் அதிமதுரச் சாறு இருக்கிறது. மிளகாய்ச் சாறும் உண்டு. (அதிமதுரம் அளவு மீறினால் இரத்த அழுத்தம் ஏறும் என்பதை அந்த அழுத்தம் உள்ளவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.)

அம்மாக்கள் சொல்லும் ‘அடக்குதல்’ இந்த வழக்கத்திலிருந்து வந்த சொல். அழகானது, ஆனால் ‘அடக்கு மாத்திரை’ என்று எழுத்தில் கண்டால் எதையோ கட்டுப்படுத்தும் மருந்து என்று படிப்பவர் நினைக்கக்கூடும், ‘வாயடக்கு’ என்றாலோ பொருளே வேறு. இந்தோனேசியர்கள் இதை ‘தாப்லெட் ஹிசாப்’ என்கிறார்கள். ஹிசாப் என்றால் உறிஞ்சுதல், சப்புதல். உருவத்தை விட்டுச் செயலைப் பிடித்த பெயர் அது. தமிழிலும் ‘சப்பு மாத்திரை’ என்பதையே நான் தேர்வேன். சப்புதல் பேச்சுச்சொல் என்று சிலர் முகம் சுளிக்கலாம். பெட்டியைப் பிரிக்கும் பாட்டிக்கு அது உடனே புரியும். மென்று தின்பதை ‘மெல்லு மாத்திரை’ என்றும், தண்ணீரில் போட்டுப் பொங்கவிடுவதைக் ‘கரை மாத்திரை’ என்றும் சொன்னால், ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும் குழப்பமும் இராது.

அடுத்த தட்டில் இருப்பவற்றுக்கு இவ்வளவு தேடல் வேண்டியதில்லை. மலாய் ‘உபாட் கிகி’, அதாவது பல் மருந்து, என்று சொல்வது நமக்குப் பற்பசை. ‘உபாட் குமூர்’ கொப்பளிநீர். மலாய் இரண்டையும் மருந்து என்கிறது. தமிழ் ஒன்றைப் பசை என்றும் மற்றதை நீர் என்றும் சொல்லி, பல்லில் தேய்ப்பதையும் கொப்பளித்துத் துப்புவதையும் பெயரிலேயே பிரித்துவிடுகிறது.