கையெழுத்து வேறு, ஏற்புறுதி வேறு: சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை குறித்து ஒரு வழக்குரைஞரின் வேண்டுகோள்

கடந்த மாதம் ஓர் அண்ணனும் தம்பியும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். விசாரணைக்கென்று அழைத்துச் செல்லப்பட்ட தம்பி இரண்டு நாள் கழித்து ரிமாண்ட் செய்யப்பட்டு, பதினேழாம் நாள் ஜாமீனில் வெளியே வந்திருந்தார். வலது மணிக்கட்டை அவரால் மடக்க முடியவில்லை. அண்ணன் கையில் ஆறு பக்க மனு ஒன்று இருந்தது. “இந்தியா கையெழுத்திட்டுள்ள ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின்படி” என்று தொடங்கிய அந்த மனுவை, ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமை அமைப்புகளுக்கு அனுப்புவதற்காக யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். மருத்துவச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை. நீதித்துறை நடுவரிடம் அடித்ததைச் சொன்னீர்களா என்று கேட்டேன், சொல்லவில்லை. இங்கே சொல்லிப் பயனில்லை, ஐ.நா.வுக்கு எழுதிக்கொள்ளலாம் என்று நீதிமன்ற வாசலில் அண்ணனே தடுத்திருக்கிறார். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் காவலில் வைத்திருந்ததே அரசமைப்பின் 22ஆம் உறுப்புக்கு எதிரானது; அதைப் பற்றி ஆறு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்த ஆண்டில் என்னிடம் வந்த இத்தகைய நான்காவது மனு இது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தியா அந்த உடன்படிக்கையில் 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டது உண்மை. ஆனால் இன்றுவரை அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நிலம் வாங்கிய எவருக்கும் சட்டப் படிப்புத் தேவையில்லை. விற்பனை ஒப்பந்தம் போட்டு, முன்பணம் கொடுத்து, சாட்சிகளும் கையெழுத்திட்ட பிறகும், கிரயப் பத்திரம் பதிவாகும்வரை அந்த நிலம் உங்களுடையதாகாது. அதுபோலக் கையெழுத்து என்பது ஒரு நாடு தன் விருப்பத்தைத் தெரிவிப்பது. உடன்படிக்கையின் நோக்கத்தையே குலைக்கும்படி நடந்துகொள்ளக் கூடாது என்ற அளவுக்கு மட்டுமே அது பொறுப்பை உண்டாக்கும். ஏற்புறுதி ஆவணத்தை ஐ.நா. பொதுச் செயலாளரிடம் ஒப்படைத்த பிறகுதான் அந்நாடு அதன் விதிகளால் கட்டுப்படும். 170க்கும் மேற்பட்ட நாடுகள் அந்த இரண்டாம் படியை ஏறியிருக்கின்றன. ஆகவே “இந்தியா கையெழுத்திட்டுள்ளது” என்ற வரியை மனுவின் அடித்தளமாக வைக்காதீர்கள். அரசு வழக்குரைஞர் அதை ஒரே நிமிடத்தில் தகர்த்துவிடுவார். உங்கள் மற்ற நியாயமான வாதங்களும் அதோடு சேர்ந்து வலுவிழக்கும்.

ஏற்புறுதி கிடைத்தாலும் அது மறுநாளே உள்நாட்டுச் சட்டமாகிவிடாது. நம் நாட்டில் ஏற்புறுதி அளிப்பது மத்திய அரசின் நிர்வாகச் செயல். அதைச் செயல்படுத்தும் சட்டத்தை அரசமைப்பின் 253ஆம் உறுப்பின்கீழ் நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். சர்வதேச உடன்படிக்கை தானாகவே உள்நாட்டுச் சட்டத்தின் பகுதியாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கிலேயே சொல்லிவிட்டது. சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010 மே மாதம் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையின் தேர்வுக் குழுவுக்குச் சென்று, 2014இல் மக்களவை கலைந்ததோடு காலாவதியானது. சட்ட ஆணையம் 2017இல் தன் 273ஆம் அறிக்கையில் ஏற்புறுதியைப் பரிந்துரைத்து வரைவு மசோதாவையும் இணைத்துத் தந்தது. சட்டம் இயற்றுமாறு நாடாளுமன்றத்துக்கு ஆணையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 120ஆம் பிரிவு இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: வாக்குமூலமோ தகவலோ பொருளோ பறிப்பதற்காகக் காயப்படுத்துவதைத்தான் அப்பிரிவு தண்டிக்கிறது. தண்டிக்கவோ மிரட்டவோ அடிப்பதும், உடலில் தடயமில்லாமல் மனத்தை வதைப்பதும் உடன்படிக்கையின் முதல் உறுப்பில் சித்திரவதையாகவே வரையறுக்கப்பட்டுள்ளன. சாத்தான்குளத்தில் 2020இல் ஒரு தந்தையையும் மகனையும் காவல் சித்திரவதையில் இழந்த பிறகும் அந்த இடைவெளி அப்படியே இருப்பது எனக்கு ஆறாத வேதனை.

அதற்காக ஒப்பந்தங்களால் பயனே இல்லை என்ற எதிர் முனைக்கும் போய்விட வேண்டாம். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கைக்கு இந்தியா 1993இல் அளித்த ஏற்புறுதியை ஆதாரமாகக் கொண்டே, 1997இல் விசாகா வழக்கில் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகள் பிறந்தன. குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 1979இல் சேர்ந்தபோது, சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு பெறும் உரிமையை ஏற்பதில் இந்தியா விலக்கு அறிவித்தது. இருந்தும் 1993இல் நீலாபதி பெஹரா வழக்கில் அந்த உடன்படிக்கையையும் சுட்டிக்காட்டி, காவலில் மகனை இழந்த தாய்க்கு உச்ச நீதிமன்றம் 1,50,000 ரூபாய் இழப்பீடு வழங்கியது. நீதிபதியின் கையில் ஒப்பந்தம் துணை வாதமாக வலுப்பெறும். சான்று இல்லாத வழக்கை அதனால் காப்பாற்ற முடியாது.

ஜெனீவாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையோடு இணைந்த, தனிநபர் முறையீட்டை அனுமதிக்கும் விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. ஆகவே இந்தியாவுக்கு எதிரான உங்கள் மனுவை ஐ.நா. மனித உரிமைக் குழு விசாரிக்க இயலாது. சித்திரவதை குறித்த சிறப்பு அறிக்கையாளருக்கு எழுதலாம், அதற்கு ஏற்புறுதி தேவையில்லை. அவர் அரசிடம் விளக்கம் கேட்பார். உத்தரவிட அவருக்கு அதிகாரம் கிடையாது. எழுதுங்கள், ஆனால் முதல் வேலையாக அல்ல.

முதல் வேலை உள்ளூரில் இருக்கிறது. கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும்; அறிக்கையின் நகல் அவருக்கோ அவர் குறிப்பிடுபவருக்கோ தரப்பட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். நடுவர் கேட்காவிட்டாலும் அடித்ததை வாய்விட்டுச் சொல்லி, பதிவு செய்யுமாறு வேண்டுங்கள். அரசு மருத்துவமனையில் பயந்துகொண்டு “கீழே விழுந்துவிட்டேன்” என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொல்வதுதான் விபத்துப் பதிவேட்டில் ஏறும், பிறகு அதை மாற்ற நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். காயங்களைத் தேதியுடன் படமெடுத்து வையுங்கள். மனித உரிமை ஆணையத்துக்குச் செல்வதானால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் சென்றாக வேண்டும்; கடிதப் போக்குவரத்திலேயே அந்த ஓராண்டைத் தொலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தம்பியின் ஆறு பக்க மனுவை ஒதுக்கி வைத்துவிட்டோம். சிறைக்குள் நுழைந்த அன்று சிறை மருத்துவர் எழுதிய காயக் குறிப்பைக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். மணிக்கட்டு வீக்கம் அதில் பதிவாகியிருந்தால் எங்கள் வழக்கை அங்கிருந்து தொடங்குவோம்.