அம்மா, அது ஓ.ஆர்.எஸ். இல்லை

போன வாரம் ஒரு நாள், ஓ.பி. முடிந்து கிளம்பும் நேரம். 14 மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண் குழி விழுந்திருந்தது, நாக்கு வறண்டிருந்தது, காலையிலிருந்து ஒரே ஒரு முறைதான் சிறுநீர். ஊசி போடும்போது அழுதான், கண்ணீர் வரவில்லை.

"ஓ.ஆர்.எஸ். கொடுத்தீங்களாம்மா?"

"கொடுத்தோம் டாக்டர். நேத்து மூணு டப்பா. ஆரஞ்சு ஃப்ளேவர்தான் குடிக்கிறான்."

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஓ.ஆர்.எஸ். என்பது பேதியில் போகும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல். அவன் குடித்தது ஆரஞ்சு ஜூஸ். மூன்று டப்பா சர்க்கரைத் தண்ணீர் உள்ளே போய், உடம்பில் இருந்த தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. இந்த மாதத்தில் மட்டும் இப்படி வந்த ஐந்தாவது குழந்தை இவன். அந்த அம்மாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மருந்துக் கடையில்தான் வாங்கியிருக்கிறார், பெயரைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். ஆனால் கோபம் வந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன். (குழந்தையை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலில் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம், அவ்வளவுதான். அதாவது 200 மில்லியில் மூன்று கிராம் சர்க்கரைகூட இல்லை. அந்த அம்மா பையில் வைத்திருந்த காலி டப்பாவை வாங்கிப் பின்பக்கம் படித்தேன். 200 மில்லியில் சர்க்கரை 20 கிராமுக்கு மேல். உப்பு பெயருக்குத்தான் இருந்தது. பேதியாகும் குழந்தைக்கு வேண்டியது உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில். ஏன் என்று குடலின் படம் போட்டு விளக்கப் போவதில்லை. விகிதம் தப்பினால் பேதி கூடும், அது தெரிந்தால் போதும்.

"மெடிக்கல்ல வித்தா மருந்துதானே டாக்டர்?" என்று மாதத்துக்குப் பத்து பேராவது கேட்கிறார்கள். இல்லை. மெடிக்கலில் சாக்லேட்டும் விற்கிறார்கள், சோப்பும் விற்கிறார்கள். எந்த அலமாரியில் இருந்தது என்பதை வைத்து ஒரு பொருள் மருந்தாகிவிடாது. மாத்திரைக்குப் பக்கத்தில் இருந்தாலும் ஜூஸ் ஜூஸ்தான். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண் மட்டும் இருந்தால் அதை உணவுப் பொருளாகத்தான் விற்கிறார்கள். மருந்தாக வரும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் பெயருக்குப் பின்னால் 'ஐ.பி.' என்று இரண்டு எழுத்து இருக்கும், இந்திய மருந்து நூலின் தரப்படி தயாரித்தது என்று அர்த்தம். மருந்து உற்பத்தி உரிம எண்ணும் இருக்கும். 'டாக்டர் பரிந்துரைத்தது', 'எலக்ட்ரோலைட்', 'எனர்ஜி' என்று முன்பக்கம் எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அதைப் பார்க்காதீர்கள். முன்பக்கம் விளம்பரத்துக்கு.

"தடை பண்ணிட்டாங்கன்னு செய்தியில் பார்த்தோமே" என்பார்கள் சிலர். தடை வந்தது உண்மை. அதற்கு முன், 2022 ஜூலையில், 'இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓ.ஆர்.எஸ். அல்ல' என்று அச்சடித்துவிட்டு, பெயரோடு அந்த மூன்று எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அனுமதித்தது. நடுராத்திரி, மடியில் வாந்தி எடுக்கிற குழந்தை, டப்பாவில் ஆங்கிலத்தில் ஒரு வரி. யார் படிப்பார்கள்? ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடங்கள் விடாமல் போராடினார், நீதிமன்றமும் போனார். 2025 அக்டோபர் 14 அன்று அந்த அனுமதியை ஆணையம் திரும்பப் பெற்றது. முன்னாலோ பின்னாலோ வேறு சொல் சேர்த்தாலும், எந்த உணவுப் பொருளின் பெயரிலும் ஓ.ஆர்.எஸ். வரக்கூடாது என்று உத்தரவு. எங்கள் டாக்டர் குழுவில் அன்று ஒரே வாழ்த்து மழை.

ஆனால் தடை பெயருக்குத்தான், பானத்துக்கு இல்லை. பழைய பெயர் மக்கள் வாயில் அப்படியே இருக்கிறது. "அந்த ஓ.ஆர்.எஸ். ஜூஸ் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரப் பையனும் அதே மாதிரி டப்பா ஒன்றை எடுத்து நீட்டுகிறான். இனிமேல் "தண்ணியில கரைக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்" என்று கேளுங்கள். சரியான அளவில் கலந்து, குடிக்கத் தயாராக வரும் டப்பாக்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதையும் இதையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் பாக்கெட்டே வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். குளுக்கோஸ் பவுடரும் ஓ.ஆர்.எஸ். இல்லை, அதைக் கொண்டுவந்து காட்டும் தாத்தாக்களுக்காக இந்த வரி.

சரி, பாக்கெட் வாங்கியாயிற்று. இதற்கு அடுத்த தலைவலி இங்கேதான். "குழந்தை ஒரு லிட்டரா குடிக்கப் போகுது?" என்று முழுப் பாக்கெட்டையும் ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குகிறார்கள். ஒரு லிட்டருக்கான உப்பு 200 மில்லியில் போனால் ஐந்து மடங்கு. கிட்டத்தட்ட கடல் தண்ணீர் உப்பு அது. ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வந்த குழந்தையைப் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன், இன்னும் மறக்கவில்லை. பாதிப் பாக்கெட்டைக் கண்ணளவில் பிரிப்பதும் வேண்டாம். 200 மில்லிக்கென்றே சின்னப் பாக்கெட் கிடைக்கிறது. பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் முழுசாகக் கொட்டிக் கலக்குங்கள். பாலில் கலக்காதீர்கள், ஜூஸில் கலக்காதீர்கள், ருசிக்காக இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போடாதீர்கள், கலந்த பிறகு சூடு பண்ணாதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேல் மிச்சமிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பாக்கெட் விலையை நினைத்து மனம் வருந்த வேண்டாம்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை வெளியே போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. ஸ்பூனில், மெதுவாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள், இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். "வயிறு காயட்டும்" என்று பட்டினி போடும் பாட்டிகளே, உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன், அரிசிக் கஞ்சியோ இட்லியோ தயிர் சாதமோ குழந்தை சாப்பிடுவதைக் கொடுங்கள். டாக்டர் எழுதிய துத்தநாக மருந்தை, பேதி நின்றாலும் 14 நாள் முடியும்வரை கொடுங்கள். பெரியவர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தால் மட்டும் நான் நிச்சயம் சத்தம் போடுவேன்.

"டிரிப்ஸ் ஏத்தினாதான் தெம்பு வரும், வெறும் உப்புத் தண்ணி என்ன பண்ணும்?" என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1971, வங்கதேசப் போர். எல்லையோர பங்காவ் அகதி முகாமில் காலரா. டாக்டர் திலீப் மகலனாபிஸிடம் இருந்த டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோக, உப்பையும் குளுக்கோஸையும் கரைத்து டிரம்மில் ஊற்றி வைத்தார். நோயாளிகளுக்கு அதைக் குடிக்கக் கொடுத்தவர்கள் அவர்களுடைய குடும்பத்தினரே. 30 சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு, அவர் சிகிச்சையில் இருந்தவர்களிடம் 3.6 சதவீதமாக இறங்கியது. அவருக்குப் பத்ம விபூஷண் வந்தது 2023இல், இறந்த பிறகு. இலங்கையில் ஓ.ஆர்.எஸ்.ஸை 'ஜீவனி' என்ற பெயரில் விற்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எதையும் குடிக்க மறுக்கிறது, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம் வருகிறது, அல்லது மூன்று மாதம்கூட ஆகாத குழந்தை என்றால் வீட்டில் வைத்துக்கொண்டு இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். கிளம்புங்கள். வழியெல்லாம் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

அந்த 14 மாதப் பையனுக்கு இரண்டு நாள் வார்டு. சிஸ்டர் கலந்து கொடுத்ததை முதல் ஸ்பூன் துப்பினான், இரண்டாவதைத் துப்பினான், ஐந்தாவதை விழுங்கினான். தாகம் எடுத்த குழந்தைக்கு ஃப்ளேவர் தேவையில்லை. வீட்டுக்குப் போகும்போது அவன் அம்மா, "அந்த டப்பாவைக் கொடுங்க டாக்டர், எங்க தெரு மெடிக்கல்ல காட்டணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.