கூப்பிட்டால் திரும்பாத நாய்க்கு ஒரு வீடு

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நாய்க் காப்பகம் ஒன்றில் பத்து வயது நாய் ஒன்றைப் பார்த்தாராம். வளர்த்தவர்கள் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட, காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. கிட்டப் போய் முதுகைத் தொட்டால் துள்ளி எழும்பி உறுமுகிறது. "அது முரட்டு நாய், கடிச்சுப் போடும், குட்டி ஒண்டைக் கொண்டு போங்கோ" என்று அங்கே சொன்னார்களாம். "அந்த நாயின் முகம் மனதை விட்டுப் போகவில்லை. இந்த வயதில் அதன் குணத்தை மாற்ற முடியுமா?" என்பது அவர் கேள்வி.

குணத்தை மாற்ற வேண்டிய தேவையே இல்லாமல் இருக்கலாம். அவர் எழுதிய இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது அந்த நாயின் காதில்தான்.

வெளிக்காது, செவிப்பறை, மூன்று சிற்றெலும்புகள் என்று பாடசாலையில் படித்தது நினைவிருக்கும். அவற்றைத் தாண்டினால் கொக்லியா என்ற சுருண்ட குழாய். அதன் நீளத்துக்கு ஒரு மென்சவ்வு ஓடுகிறது. வாசல் பக்கத்தில் ஒடுக்கமாகவும் விறைப்பாகவும் இருக்கும் இந்தச் சவ்வு, உள்ளே போகப் போக அகன்று தளர்கிறது. அதனால் ஒவ்வொரு சுருதிக்கும் அதில் ஓர் இடம் உண்டு. கீச்சென்ற ஒலிகள் வாசலிலேயே சவ்வை ஆட்டிவிட்டு அடங்கும், கனத்த ஒலிகள் கடைசி வரை போகும். ஒலி இப்படி அலையாக ஓடுவதைக் கண்டறிந்த பெக்கசிக்கு 1961இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 வரை கேட்கும்.

ஓர் ஒழுங்கையின் முகப்பு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி வீட்டுக்குப் போகும் வாகனமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அதேபோல எந்தச் சுருதி வந்தாலும் அதன் அலை வாசல் பகுதியைக் கடந்துதான் உள்ளே போகிறது. அந்தப் பகுதியில் ஒலியை உணரும் கலங்கள் முதலில் தேய்வதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இது ஒன்று. அங்குள்ள கலங்களில் தற்காப்புப் பொருட்கள் குறைவு என்பது இன்னொன்று. எப்படியோ, வயதாகும்போது நாய்க்கும் மனிதருக்கும் முதலில் போவது உயர்சுருதிதான். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஒலி கேட்கும்போது நாய்களின் மூளைத்தண்டில் எழும் மின்னலைகளை அளந்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, எட்டிலிருந்து பத்து வயதுக்குள் இந்த இழப்பு தொடங்குவதாகக் காட்டியது. நம் வாசகி பார்த்த நாய்க்குப் பத்து வயது.

இதுவரை சொன்னதை வைத்து நாய் ஏன் திரும்பவில்லை என்று விளக்கிவிடலாம். தொட்டால் ஏன் துள்ளி உறுமுகிறது? அதற்கான பதில் ஒலியை உணரும் அந்தக் கலங்களில், அதாவது மயிர்க்கலங்களில் இருக்கிறது. உயிரியலில் எனக்கு இதைவிடப் பிடித்த கலம் வேறில்லை.

மென்சவ்வின் மேல் இரண்டு வகை மயிர்க்கலங்கள் வரிசையாக நிற்கின்றன. மனிதக் காதொன்றில் உள் மயிர்க்கலங்கள் சுமார் 3,500, வெளி மயிர்க்கலங்கள் சுமார் 12,000. மூளைக்குச் செய்தி அனுப்பும் வேலையை ஏறக்குறைய முழுவதுமாகச் செய்வது எண்ணிக்கையில் குறைந்த உள் கலங்கள். அப்படியானால் மற்றக் கலங்கள் எதற்கு? 1985இல் பிரவுனெல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தனியே பிரித்தெடுத்த ஒரு வெளி மயிர்க்கலத்துக்கு மின்தூண்டல் கொடுத்தார்கள். அந்தக் கலம் நீண்டது, சுருங்கியது. தசைக் கலமும் சுருங்கும். ஆனால் இதன் வேகத்துக்குக் கிட்டவும் அது வராது, ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான தடவை இது நீண்டு சுருங்கும். இசையை மின்னாக மாற்றிக் கொடுத்தால் ஒற்றைக் கலம் நுணுக்குக்காட்டியின் கீழ் தாளத்துக்கு ஆடுகிற காட்சியைப் படம் பிடித்தே வைத்திருக்கிறார்கள். இந்த ஆட்டத்துக்குக் காரணமான புரதத்தை 2000ஆம் ஆண்டில் இனங்கண்டு பிரெஸ்டின் என்று பெயர் வைத்தார்கள்.

சரி, ஆடி என்ன பயன்? மெல்லிய ஒலி வரும்போது மென்சவ்வு அசைவது ஓர் அணுவின் அளவுக்குத்தான். வெளிக் கலங்கள் அதே தாளத்தில் ஆடி அந்த அசைவை நூறு மடங்குக்கும் மேலாகப் பெருக்குகின்றன. வியப்பு எங்கே என்றால், உரத்த ஒலி வந்தால் இந்தப் பெருக்கம் தானாகவே குறைந்துவிடும். சருகில் ஊரும் அரணையையும் கோவில் தவிலையும் ஒரே காதால் கேட்க முடிவது இதனால்தான்.

இப்போது வயதான காதுக்கு வாருங்கள். வெளிக் கலங்கள் செத்துப் போகின்றன, உள் கலங்கள் ஓரளவு மிஞ்சுகின்றன. மெல்லிய ஒலிகளைப் பெருக்க ஆளில்லை, அதனால் அவை அடியோடு இல்லாமல் போகின்றன. உரத்த ஒலிக்குப் பெருக்கம் முன்பும் தேவைப்படவில்லை, இப்போதும் தேவையில்லை. ஆகவே அது பழையபடி உரத்தே கேட்கிறது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதைப் பார்த்திருப்பீர்கள். "கொஞ்சம் உரத்துச் சொல்லு பிள்ளை" என்பார் அம்மம்மா. குரலைச் சற்று உயர்த்தினால் "ஏன் இப்பக் கத்துறாய்?" என்று கோபிப்பார். இரண்டுமே உண்மை. எதுவும் கேட்காத நிலைக்கும் காது வலிக்கும் நிலைக்கும் இடையில் இருந்த பெரிய இடைவெளி அவருக்குக் குறுகிவிட்டது. இதை மனிதரில் நன்றாக அளந்திருக்கிறார்கள். நாயின் காதும் அதே கலங்களால்தான் ஆனது.

அந்த நாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். படலை திறந்த கிறீச்சு இல்லை. செருப்புச் சத்தம் இல்லை. மெதுவாகக் கூப்பிட்ட குரலும் இல்லை. யாரோ வருகிறார்கள் என்பதற்கான முன்னறிவிப்புகள் எல்லாம் அழிந்து போன உலகம் அது. திடீரென முதுகில் ஒரு கை, அல்லது தலைக்கு மேலே ஒரு பெருங்குரல். திடுக்கிடுதல் மூளைத்தண்டிலேயே முடிந்துவிடும் அனிச்சைச் செயல். வந்தது நண்பரா அந்நியரா என்று மேல்மூளை பார்ப்பதற்குள் உடல் துள்ளிவிடும். இதை முரட்டுக் குணம் என்று சொல்வது பெரிய அநியாயம்.

மூட்டுவலியும் சேர்ந்திருக்கலாம். பத்து வயது நாய்களில் அது சாதாரணம், தொட்ட இடம் வலித்தால் எந்த நாயும் உறுமும். கால்நடை வைத்தியரிடம் காட்டினால் மருந்து உண்டு. வீட்டில் இருக்கும் பனடோல், இபுபுரோஃபன் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், அவை நாய்க்கு நஞ்சாகலாம்.

காப்பகச் சூழலும் ஒரு காரணம். நாய்க் கூடங்களில் குரைப்புச் சத்தம் 100 டெசிபெல்லைத் தாண்டுவதைப் பல ஆய்வுகள் அளந்திருக்கின்றன. காப்பகத்துக்கு வந்த முதல் நாட்களில் நாய்களின் இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோன், வீட்டு நாய்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்ததாக அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1997இல் கண்டார்கள். 2019இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, காப்பக நாய்களை ஓரிரு இரவுகள் மட்டும் வீடுகளில் தங்கவைத்துப் பார்த்தது. கோர்ட்டிசோல் இறங்கியது. திரும்பக் கொண்டுபோய் விட்டதும் பழைய அளவுக்கு வந்தது. ஆகவே கூட்டுக்கு வெளியே நின்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஒரு நாயின் குணத்தைத் தீர்மானிக்க வேண்டாம்.

முதிய நாய்களுக்கு நம் ஊரில் இன்னொரு பகை இருக்கிறது. இரவில் நாய் ஊளையிட்டால் சாவு வரப்போகிறது என்ற நம்பிக்கை. காது கேளாத நாய்க்குத் தன் குரலும் சரியாகக் கேட்பதில்லை, அதனால் நீளமாகக் கத்தலாம். நாய்களுக்கும் மனிதரைப் போல மூளைத் தேய்வு வரும். மூளையில் அமிலோயிட் புரதம் படிந்து, இரவு பகல் குழம்பி, நள்ளிரவில் எழும்பி ஊளையிடும். கலிபோர்னியாவில் 2001இல் செய்த ஓர் ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 வீதமானவையும் 15, 16 வயதில் 68 வீதமானவையும் இத்தகைய குழப்பத்தின் அறிகுறி ஒன்றையாவது காட்டின. எமனுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. வைரவர் கோவில் இல்லாத குறிச்சி யாழ்ப்பாணத்தில் குறைவு. நாயை வாகனமாகக் கொண்ட தெய்வத்துக்கு வடைமாலை சாத்தும் நாங்கள், கிழட்டு நாய் ஊளையிட்டது என்று கல்லெறிவதை நிறுத்த வேண்டும்.

முற்றத்தில் கிண்டித் திரியும் கோழிக்கு இந்தக் கவலையே இல்லை. சேதமான மயிர்க்கலங்களைக் கோழி மறுபடி வளர்த்துக்கொள்ளும் என்பது 1980களின் பிற்பகுதியில் தெரியவந்தது. பாலூட்டிகளால் அது முடியாது. ஏன் முடியாது என்ற கேள்வியின் விடை நாய்க்கும் அம்மம்மாவுக்கும் ஒன்றாகவே உதவும். நம் ஊர் நாய்களின் முதுமையைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களே ஆராய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நாயின் செவித்திறனை அளக்கும் மூளைத்தண்டுச் சோதனையும் பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் சோதனையும் அடிப்படையில் ஒன்றுதான். பெரும் பணம் கேட்கும் காரியம் இது இல்லை.

2006 முதல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதில்லை என்பது இலங்கையின் கொள்கை. நல்ல முடிவு. ஆனால் கொல்லாமல் விட்ட நாய்களில் வயதானவற்றை யார் எடுப்பது என்று யோசித்தாக வேண்டும். கூட்டின் அட்டையில் "கடிக்கும்" என்று எழுதுவதற்குப் பதிலாக "காது கேட்காது, முன்னால் வந்து தொடவும்" என்று எழுதினாலே பல நாய்கள் வீடு போய்ச் சேரும்.

வாசகிக்கு: முதலில் காதைச் சோதியுங்கள். நாய் விழித்திருக்கும்போது, கூட்டுக்கு வெளியே, பின்பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். காற்று உங்களிடமிருந்து நாயை நோக்கி வீசக் கூடாது, மணத்தால் கண்டுபிடித்துவிடும். திறப்புக் கோர்வையைக் குலுக்குங்கள். பிறகு வெறும் வாளியின் அடியில் தட்டுங்கள். திறப்புக்கு அசையாத காது மடல் வாளிக்கு அசைந்தால், போனது உயர்சுருதி. விசிலடித்துக் கூப்பிடாமல் தடித்த குரலில் கூப்பிடுங்கள், கையசைவைப் பழக்குங்கள். காதில் அழுக்கோ புண்ணோ இருந்தாலும் கேட்காது, அதை வைத்தியர் பார்த்தாக வேண்டும்.

காப்பகத்தாரிடம் சனி, ஞாயிறு இரண்டு நாட்களுக்கு மட்டும் நாயைக் கேட்டுப் பாருங்கள். விறாந்தையில் சுவரோடு சேர்த்து, படலையைப் பார்க்கும்படி சாக்கை விரியுங்கள், பின்னால் யாரும் வர முடியாத இடமாக இருக்கட்டும். எழுப்ப வேண்டுமென்றால் தொடாதீர்கள், கையை மூக்குக்குச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். மணம் எழுப்பும். தூங்கும் நாயிடம் போகக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். வளவுக்கு வெளியே கயிறில்லாமல் விட வேண்டாம், அதற்கு பஸ் வருவது கேட்காது. விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தேவை, அட்டையைக் கேட்டு வாங்குங்கள். எந்த நாய் கடித்தாலும் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.