வீட்டுக் காணி வாங்க முன்: சேவையரை எப்படித் தெரிவு செய்வது?

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்குகிறவர்கள் நொத்தாரிசிடம் போவார்கள், காணிப் பதிவகத்தில் உறுதியைத் தேடுவார்கள். காணியை அளப்பதை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். விற்பவர் ஒரு வரைபடம் தந்தால் அதுவே போதும் என்று அட்வான்ஸும் கொடுத்துவிடுவார்கள். அளப்பதற்கு ஆளைப் பிடிக்க வேண்டியவர் வாங்குபவர்தான், அதுவும் அட்வான்ஸ் கொடுக்க முன்.

நாம் சேவையர் என்று சொல்லும் நில அளவையாளரை ஒழுங்குபடுத்துவது 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம். தனியாருக்குக் காணி அளந்து வரைபடம் தருபவர் அந்தச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு மட்டும் போதாது. தொழில் செய்வதற்கான அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே இந்த வருடத்து அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல சேவையர் இதற்குக் கோபிக்க மாட்டார். தரகர் கூட்டிவரும் ஆள் என்றால் கட்டாயம் கேளுங்கள். அளக்க அவரே நேரில் வருவாரா, உதவியாளரை அனுப்பிவிட்டுக் கையெழுத்து மட்டும் வைப்பாரா என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கூலி எவ்வளவு, எல்லைக்கல் போடுவது அதற்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குவது நல்லது.

அடுத்து அவரிடம் கேட்க வேண்டியது, உறுதிப்படி அளப்பீர்களா, வேலிப்படி அளப்பீர்களா என்பது. இதில்தான் எங்கள் ஊர்க் காணிகளின் சிக்கலே இருக்கிறது. பழைய உறுதிகள் பலவற்றில் நீள அகலம் இராது. வடக்கே இன்னாருடைய காணி, கிழக்கே ஒழுங்கை என்று நாலு எல்லையும், இத்தனை பரப்பு இத்தனை குழி என்ற ஊர் நில அளவுக் கணக்கும்தான் இருக்கும். இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்து போட்ட வேலிகள் பழைய இடத்திலேயே நிற்கின்றன என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இப்போதிருக்கும் வேலியை மட்டும் அளந்து கீறினால் வரைபடம் அழகாக இருக்கும், பிரச்சினை அதற்குள் மறைந்துவிடும். பழைய வரைபடம் இருந்தால் அதைப் புதிய அளவையின்மேல் பொருத்திப் பார்த்து, எந்தப் பக்கம் எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் ஒரு துண்டைப் பத்து வருடத்துக்கு மேல் தனதாகவே ஆண்டுவந்திருந்தால், ஆட்சி உரிமை கோரி வழக்குக்கு வரவும் இடமுண்டு.

பரப்புக் கணக்கிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் பரப்பில் இரண்டு அளவு உண்டு. வரகு விதைப்புப் பரப்பு என்றால் 16 பரப்பு ஓர் ஏக்கர், அதாவது ஒரு பரப்பு 10 பேர்ச். நெல் விதைப்புப் பரப்பு என்றால் ஓர் ஏக்கருக்கு 24. நாலு பரப்பு என்று வாயால் சொல்லும் காணி முதல் கணக்கில் 40 பேர்ச், இரண்டாவதில் 27 பேர்ச்கூட வராது. வீட்டுக் காணி பெரும்பாலும் வரகுக் கணக்குத்தான். இருந்தாலும் உறுதியில் பார்த்துவிடுங்கள்.

பங்குக் கிணறு, அதற்குப் போகும் வழி, வாய்க்கால் இவற்றையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். உறுதியில் “கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்” என்று இருக்கும், போய்ப் பார்த்தால் அந்த வழியை மறித்து மதில் எழும்பியிருக்கும்.

சரி, சேவையரால் ஆகாதவையும் உண்டு. காணி யாருக்குச் சொந்தம் என்று அவர் தீர்ப்புச் சொல்ல முடியாது, அது நொத்தாரிசு அல்லது சட்டத்தரணி பார்க்க வேண்டியது. சுவர் வெடிப்பு, கூரை ஒழுக்கு பார்க்க ஒரு பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். விற்பது பிரிபடாத பங்கு, அதாவது பலருக்குப் பொதுவான காணியில் ஒருவரின் பங்கு என்றால், சேவையர் கோடு கீறித் தருவதால் மட்டும் அது தனிக்காணி ஆகிவிடாது. பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து பங்கீட்டு உறுதி எழுத வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றத்தில் பிரிவினை வழக்குப் போட வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமையும் இருக்கிறது. அவர்களுக்கு அறிவித்தல் கொடுத்தாயிற்றா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள்.

எல்லாம் சரிவந்தால், புதிய வரைபடத்தின் இலக்கம், திகதி, அளந்தவரின் பெயர் மூன்றும் உங்கள் உறுதியின் அட்டவணையில் ஏறியிருக்கின்றனவா என்று கையெழுத்து வைக்க முன் வாசித்துப் பாருங்கள்.