மலைக்குளிர் மேல் பழி போடாதீர்கள்

கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து விடியுமுன்னே ஜீப் ஏறி, குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் என்னிடம் வந்தால், பெரும்பாலும் அசதியைத்தான் முதலில் சொல்வார்கள். "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு டாக்டர்." நாளெல்லாம் குனிந்து காய் எடுத்தால் வராதா என்பார்கள் வீட்டில். குளிர் தாங்கவில்லையா, வண்டன்மேட்டுச் சாரல். கை மரத்துப்போகிறதா, காய் எடுத்த கை. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மந்தமானால் வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் இங்கே ஒரு சாக்கு தயாராக இருக்கிறது.

நான் பார்ப்பது, அவை கூட்டாக வருகின்றனவா என்பதை. மலையிறங்கிக் கம்பத்து வெயிலுக்கு வந்த பிறகும் ஸ்வெட்டரைக் கழற்ற மனமில்லாதவர், கரகரத்த குரல், காலையில் உப்பியிருக்கும் கண்ணிமை, வறண்ட தோல், மலச்சிக்கல், மாதவிடாயில் அதிகப் போக்கு. குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினால் பாதம் சட்டென்று இறங்கும். திரும்பும்போதுதான் ஆறஅமரத் திரும்பும். ஆனாலும் முடிவு சொல்வது டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனைதான்; தைராய்டு மந்தமானால் அந்த அளவு ஏறும். எடை சில கிலோ கூடலாம், அதிலும் ஒரு பங்கு நீர்தான். இருபது கிலோவுக்கும் தைராய்டைக் குற்றம் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அயோடின் உப்பு சாப்பிடுகிறவர்களிடம் இந்த மந்தத்துக்கு முக்கியக் காரணம், ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ 1912இல் விவரித்த நோய்: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது. அதனால் முதல் வகை சர்க்கரை, வெண்புள்ளி, பி12 குறையும் ரத்தசோகை ஆகியவையும் சிலருக்குக் கூடவே வரும். கொலஸ்ட்ரால் ஏறியிருந்தாலும், மனச்சோர்வு விடாமலிருந்தாலும், கரு தங்காமல் போனாலும் தைராய்டை ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது.

மாத்திரையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜீப் ஹாரன் அடிக்கும் அவசரத்தில் தைராய்டு மாத்திரையான தைராக்ஸினும் காபியும் ஒன்றாக உள்ளே போகும். காபி மாத்திரையை உடம்பில் முழுசாகச் சேரவிடாது. டோஸை ஏற்றியும் டிஎஸ்எச் இறங்காது. எழுந்ததும், உலை வைக்கும் முன்பே, வெறும் தண்ணீரில் போட்டுவிடுங்கள். சோறு வடித்துத் தூக்குவாளி கட்டுவதற்குள் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும்; அப்புறம் காபி குடிக்கலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், அவற்றை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். உடனே மருத்துவரிடம் வாருங்கள், பெரும்பாலும் டோஸைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும்.